அக்கா மறைக்காத நோய்

அக்காவும் நானும் ஒரே கருவில் உருவான இரட்டையர். ஊரப்பாக்கத்தில் எனக்குச் சற்று முன்னால் பிறந்ததால் அவர் அக்கா ஆனார். அப்பா நிலத்தில் பாதியை விற்றுத் தாம்பரத்தில் சிமெண்ட் கடை வைத்திருந்தார். சாப்பாடு கொண்டுபோனால், வந்தது யார் என்று அவருக்கே குழப்பம் வரும். "நீ எதும்மா, பெரிசா சின்னதா?" என்பார்.

அக்கா கணிதம் படித்துக் குரோம்பேட்டையில் ஆசிரியை ஆனார். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் அவருடைய கன்னங்கள் இரண்டும் சிவந்து தடித்தன. காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. வெயில் ஒவ்வாமை என்றார்கள், வாதம் என்றார்கள், அம்மன் குற்றம் என்றும் சொன்னார்கள். கடைசியில் நகரத்து மருத்துவமனை ஒன்றில், மருத்துவர் அம்மா ஒருவர்தான் 'லூபஸ்' என்று பெயர் சொன்னார். கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி, சொந்த உடம்பையே பகையாக நினைத்துத் தாக்கும் நோய். தோல், மூட்டு, சிறுநீரகம் எதையும் விடாது.

மாத்திரைகளால் அக்காவின் முகம் ஊதி வட்டமாயிற்று. அதன்பின் எங்களை யாரும் மாற்றி அழைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் என் கன்னத்தையும் உற்றுப் பார்த்தார்கள். அப்பாவின் தங்கை இளவயதில் மூட்டு வீங்கி இறந்த கதை அப்போதுதான் வெளியே வந்தது. "ரத்தத்துலயே கீது" என்றார்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "இன்னிக்கு மட்டும் மாமா வூட்ல இரும்மா" என்று அப்பா அக்காவிடம் தலைகுனிந்து கேட்டார். அக்கா போகவில்லை. வந்தவர்கள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நானும் அவளும் ரெட்டை. எனக்கு லூபஸ் இருக்கு. அவளுக்கு வரலாம், வராமலும் போகலாம். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க."

காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். நான் அழுது சண்டை போட்டேன். அக்கா அசையவில்லை. "நாளைக்கு உனக்கு ஒரு ஜுரம் வந்தா அந்த வீட்ல யார்கிட்ட சொல்லுவ? பயந்து பயந்து வாழறதுக்கா கல்யாணம்?" என்றார்.

அடுத்து வந்த வரனிடமும் அதையே சொன்னார். அவர் எழுந்து போகவில்லை. "டாக்டரை நானும் பாக்கலாங்களா?" என்று கேட்டார். மூவரும் மின்சார ரயிலில் போனோம்.

மருத்துவர் அம்மா எதையும் பூசி மெழுகவில்லை. "பரம்பரையா வர்றது நோய் இல்ல, நோய் வரக்கூடிய தன்மை. அதுவும் ஒரே ஒரு மரபணுவால வர்றதில்ல, பல சேரணும். அதுக்கு மேல வெயில், கிருமி, ஹார்மோன், எங்களுக்கே இன்னும் தெரியாதது எல்லாம் இருக்கு. ஒரே கருவுல பொறந்த ரெட்டையர்லயே ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வராம போறது நெறைய. ஆனா மத்தவங்களவிட இவங்களுக்கு ஆபத்து அதிகம். பொறக்கற குழந்தைக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், பெரும்பாலும் வராது."

எனக்கும் இரத்தம் எடுத்தார்கள். நோய் இல்லை என்று வந்தது. "இன்னிக்கு இல்ல. வருஷா வருஷம் வந்து காட்டிட்டுப் போம்மா" என்றார். திரும்பும்போது நடைமேடையில் அந்த வரன் குடையை விரித்து, "ரெண்டு பேரும் வெயில்ல நிக்காதீங்க" என்றார். அவர்தான் என் கணவர்.

அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. முழுக்கை ரவிக்கையும் குடையுமாக ஜி.எஸ்.டி. சாலையில் நடந்து பள்ளிக்குப் போய்வந்தார். சாக்பீஸ் பிடிக்க முடியாத நாட்களில் மாணவிகளைக் கரும்பலகையில் எழுதவைத்துப் பாடம் நடத்தினார். தொண்ணூறுகளில் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவின் இரத்த வகை சேரவில்லை. என் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்றேன்.

மருத்துவர் அம்மா தயங்கினார். "ரெட்டைங்கறதால நல்லாப் பொருந்தும். ரெட்டைங்கறதாலயே எடுக்கவும் பயமா இருக்கு." எனக்கும் ஒருநாள் இந்த நோய் வந்தால் இருக்கும் ஒன்றும் போய்விடலாம் என்பதை விளக்கினார்.

"எடுத்துக்கங்க டாக்டர்" என்று நான் அழுதேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "உனக்கு ஒரு பொண்ணு இருக்கா. எனக்கு வந்தது உனக்கு வராமப் போச்சு பாரு, அது எனக்குப் போதும். அந்த நல்ல உடம்பை வெட்டி எடுத்து நான் வாழணுமா?" அதன்பின் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டே சில ஆண்டுகள் இருந்தார். சென்ற ஆண்டு, என் மடியில் தலைவைத்தபடி கண்மூடினார்.

அக்காவுக்கு இரத்தம் கொடுத்த எங்கள் தெரு இளைஞர்களுக்கும், அவருடைய வகுப்புகளையும் சேர்த்து எடுத்த சக ஆசிரியைகளுக்கும், உண்மையைச் சொல்லியே தைரியம் தந்த மருத்துவர் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் நினைவாக எழுதிய இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். "அக்காவைப் பத்தி நல்லா எழுதும்மா. அந்த நோயோட பேரை மட்டும் போடாத. கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணுங்க ரெண்டு பேரு என் வீட்ல இருக்காங்க" என்றார்.

"அவங்களுக்காகத்தான் சித்தப்பா போடறேன்" என்றேன்.