லிஃப்டில் வந்த பஞ்சாமிர்தம்

திருத்தணியில் நாங்கள் வாடகைக்குப் போன புது அடுக்குமாடியின் சங்கச் செயலாளர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். கழுத்தில் தொங்கும் லிஃப்ட் கார்டைத் தடவிக்கொண்டேதான் பேசுவார். சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே அந்தக் கார்டு உண்டு. மூட்டுவலிக்கார அம்மாவுக்காக ஒன்று கேட்டேன்.

“முருகனைப் பாக்க எத்தினி பேரு படியேறிக்கினு போறாங்க! அம்மாவயும் அரோகரா சொல்லிக்கினே ஏறச் சொல்லுங்க. வலியே தெரியாது.”

இத்தனைக்கும் இவர் மலைக்குக் காரில் போகிறவர்.

ஆடிக் கிருத்திகையன்று எங்கள் நான்காம் மாடிக்கு லிஃப்டில் வந்து, வாஞ்சையோடு பஞ்சாமிர்தம் நீட்டினார்.

“கீழயே வச்சிருங்க. அரோகரா சொல்லிக்கினே எறங்கி வந்து வாங்கிக்கறேன்” என்றாள் அம்மா.

“ஆங், அதாம்மா பக்தி!” என்று பூரித்துப்போய் லிஃப்டுக்குள் நுழைந்தார். பஞ்சாமிர்தத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டார்.

அந்த மனிதருக்கு எதுதான் உறைக்கும்?