ஆர்வின் உள்ளே இழுக்காத அறை

ஆர்வின் டால்கிரெனைப் போல ஒரு பிடிவாதக்காரரை சக்கர வீடுகள் நிற்கிற எங்கள் ஏரிக்கரை டிரெய்லர் பூங்காவில் நான் பார்த்ததில்லை. பதினாறு வருடமாக இங்கே பராமரிப்பு வேலை எனக்கு. அக்டோபரில் எல்லோரும் பூட்டிக்கொண்டு தெற்கே போவார்கள். மே மாதம் திரும்பும்வரை நாற்பத்தொரு டிரெய்லர் என் தலையில். நாற்பது பேர் நான் சொல்வதைக் கேட்பார்கள்.

நான் கேட்டது பெரிய காரியமில்லை. டிரெய்லரின் பக்கச் சுவரோடு சேர்ந்து வெளியே நகரும் அறை இருக்கிறதே, ஸ்லைடு, ஆள் இல்லாத காலத்தில் அது உள்ளே இருக்க வேண்டும். இழுக்கும் முன் அதன் கூரையில் கிடக்கிற பைன் ஊசியைக் கூட்டித் தள்ள வேண்டும், சுற்றி ஓடும் ரப்பர் பட்டையைத் துடைத்து மசகு அடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆர்வின் இழுக்க மாட்டார். ஒரு வருடம் ஸ்லைடை நகர்த்தும் மோட்டார் பாதியில் நின்று, உள்ளே இடமில்லாமல் அவரும் மனைவி லோயிஸும் இரண்டு நாள் பக்கவாட்டில் நடந்திருக்கிறார்கள். அன்றோடு அந்த மோட்டாரை நம்புவதை விட்டுவிட்டார். லோயிஸ் போய்ச் சேர்ந்து, வீட்டையும் விற்றபின், சொந்தம் என்று அவருக்கு மிஞ்சியது அந்த டிரெய்லர்தான். அதைத் தொடவும் விடமாட்டார்.

வெளியே விட்டதோடு நிற்கவில்லை. சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு லாரி முப்பத்தொரு வருடம் ஓட்டியவர். அடியில் தாங்கல் இல்லாத பாரம் தொங்கும் என்பதுதான் அவர் அறிந்த ஒரே வேதம். பழைய ரயில்பாதைக் கட்டைகளை வெட்டி, ஸ்லைடுக்கு அடியில் நான்கு முட்டு இறுக்கிக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். மண் உறைந்தால் மேலே எழும்பும், கூரைத் தண்ணீர் சொட்டுகிற பக்கம் இன்னும் அதிகம் எழும்பும், முட்டு அந்தப் பக்கம்தான் நிற்கிறது, கழற்றுங்கள் என்றேன். நான் லாரி ஓட்டியிருக்கிறேனா என்று கேட்டார்.

குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் நெப்ராஸ்காவில் மகள் வீட்டிலிருந்து போன் வரும். ஸ்லைடு மேல் பனி எவ்வளவு, எலி வந்ததா, பேட்டரி எப்படி. நான் ஏணி போட்டு ஏறி, துடைப்பத்தால் பனியைத் தள்ளுவேன். உள்ளே இழுத்திருந்தால் அந்த ஏணியே வேண்டாம். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்த வருடம் பூங்காவின் சொந்தக்காரி ஜோலீன் கடிதம் போட்டாள். ஆர்வின் இருக்கும் வரிசை படகு நிறுத்தும் இடமாகப் போகிறது, மே பதினைந்துக்குள் காலி செய்ய வேண்டும். மகள் கெர்ரி, டிரெய்லரைத் தன் கராஜுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம் என்றாள். கொண்டுபோக முடியாவிட்டால் வருடம் முழுக்க அவள் வீட்டின் நிலவறைதான். அங்கே வெங்காயம் வதக்குவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டும். எழுபத்தொரு வயதில் தனக்கென்று ஒரு கதவு வேண்டும், அதுதான் அவருக்கு.

மே ஒன்பதாம் தேதி ஆர்வின் வந்தார். நான் முன்பே பார்த்துவிட்டேன். முட்டுகள் மண்ணோடு எழும்பி, ஸ்லைடின் வெளிப்பக்கத்தை மூன்று விரல் தூக்கியிருந்தன. அதை இழுக்கும் பல் வைத்த இரும்புச் சட்டம் இரண்டும் வளைந்திருந்தன. முட்டைத் தோண்டி எடுத்தும் அறை கீழே இறங்கவில்லை. பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகிவிட்டு நின்றது. ஸ்லைடை வெளியே நீட்டிக்கொண்டு எந்த ரோட்டிலும் டிரெய்லரை இழுத்துப் போக முடியாது. டவுனில் பழுது பார்க்கிறவன் புதுச் சட்டம் வர நான்கு வாரம் என்றான். ஜோலீனிடம் போய்க் கெஞ்சினேன். கெடுவுக்கு மேல் இரண்டு நாள் கொடுத்தாள்.

"நாலு வருஷமா தொண்டை கிழியக் கத்துனேன், ஆர்வின்."

"கத்துன. இப்ப கத்தாம ஒரு கை குடு, வெர்ன்."

இருக்கிற வழி ஒன்றுதான். அடியில் பலகையும் ஜாக்கியும் வைத்து, நாலு பேர் சேர்ந்து முட்டித் தள்ளி அறையை உள்ளே ஏற்றுவது. அப்படி உள்ளே போனால் சுவரைப் பிய்க்காமல் வெளியே வராது என்று சொன்னேன். சட்டம் வரட்டும், நான்கு வாரம் மகளோடு இருங்கள், டிரெய்லரைத் தள்ளிவைக்க ஜோலீன் பூங்காவிலேயே ஒரு மூலை காட்டுவாள் என்றும் சொன்னேன்.

"நாலு வாரம்னு சொல்லி நிலவறைக்குள்ள இறங்கினா, அப்புறம் என்னை மேல விடுவாங்களா? நீ தள்ளுறியா, இல்ல நானே ஜாக்கி வைக்கவா?"

தள்ளினோம். பக்கத்து வரிசை ஆட்கள் இரண்டு பேர், நான், அவர். உள்ளே எதுவோ முறிந்த சத்தம் கேட்டது. தள்ளுவதை நிறுத்தவில்லை. மேல் மூலையில் இரண்டு விரல் இடைவெளி நின்றுவிட்டது. மூன்று சுற்று டேப் ஒட்டி, லாரிப் பட்டையால் டிரெய்லரைச் சுற்றி இறுக்கினேன். இருந்த எரிச்சலில் இரண்டு பட்டையை அறுத்தே விட்டேன்.

ஆர்வின் உள்ளே போனார். மேஜையும் சோபாவும் அடுப்புவரை வந்து அடைத்திருந்தன. ஒருக்களித்து நடந்து பார்த்தார்.

"கட்டிலுக்கு வழி இருக்கு. ஒரு அடுப்பு எட்டுது."

"எங்க உட்கார்ந்து சாப்பிடுவீங்க?"

"நின்னுக்கிட்டு. உட்கார்ந்தே முப்பத்தோரு வருஷம் தின்னாச்சு."

மணிக்கு முப்பது மைலுக்கு மேல் போகாதீர்கள் என்றேன். டிரெய்லரை இழுத்துக்கொண்டு அவருடைய பிக்கப் வண்டி பூங்கா வாசலைத் தாண்டும்போது ஸ்லைடின் கீழ் ரப்பர் பட்டை பிய்ந்து ரோட்டில் தேய்ந்துகொண்டு போனது. கத்தினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்.

நாலாம் நாள் கெர்ரி போன் செய்தாள். வந்து சேர்ந்துவிட்டாராம். மழை, மூலையில் ஒழுகுகிறது, வீட்டுக்குள் வந்து படுக்கச் சொன்னால் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்லுங்க வெர்ன். நீங்க சொன்னா கேப்பாரு."

நான் சொல்லி அவர் எதைக் கேட்டார் என்று அவளிடம் எங்கே போய் விளக்குவது. கதவுக்கு வெளியே ஒரு வாளி வைத்துவிட்டுப் போ, தட்டாதே, ஒழுகும்போது அவராகவே எடுத்துக்கொள்வார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.