அடங்கிப்போன உறுமல்

மழையில் நனைந்து கிடந்த தெருநாய்க் குட்டியை என் மனைவிதான் புடவைத் தலைப்பில் சுற்றி எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அவன்தான் எல்லாம்.

அந்த நவராத்திரியில் கொலு பார்க்க வந்தவர்களைக் கண்டு அவன் உறுமினான். தாம்பூலம் வாங்க வந்த மாமிகள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்கள். எனக்கு மானம் போயிற்று. செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு, உறுமும்போதெல்லாம் மூக்கிலேயே அடித்தேன். சரஸ்வதி பூஜைக்குள் அடங்கிவிட்டான்.

"பாத்தியா, எவ்ளோ சமத்தாயிட்டான்!"

மனைவி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் பூக்கார அம்மாவின் கையைக் கடித்தான்.

"இன்னா சாமி இது! ஒரு சத்தம் கீதா? ஒண்ணியும் இல்ல. சும்மா பாத்துக்கினே இருந்து கபால்னு கவ்விக்கிச்சு!"

நாயைத் திருத்துங்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுங்கள் என்றது குடியிருப்புச் சங்கம். நாய்களின் நடத்தையைச் சரிசெய்யும் பயிற்சியாளரை அடையாறிலிருந்து வரவழைத்தோம். இளம்பெண். தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அவனைக் கவனித்துவிட்டுக் கேட்டாள்.

"சத்தமே இல்லாம கடிச்சானாமே? உறுமினா அடிப்பீங்களா அங்கிள்?"

"சேச்சே! கை ஓங்கினதுகூட இல்லம்மா. தெரு இரைச்சல்ல அந்தம்மா காதுல விழுந்திருக்காது."

மனைவி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, காபி போட எழுந்து போனாள். வெளியாள் முன்னால் என்னை அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை.

"அப்ப சரி. உறுமல்தான் இவன் சொல்ற 'கிட்ட வராதே'. பழக்கப்பட்ட ஒருத்தர் தினம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வரட்டும். உறுமினா உடனே விலகிடணும்."

எதிர்வீட்டு மாமி ஒத்துக்கொண்டாள். பிஸ்கட்டோடு மாலைதோறும் வந்து, ஒவ்வொரு நாளும் இன்னும் சற்று அருகில் நின்றாள். உறுமல் வரவே இல்லை. வராது என்று அந்த அறையில் எனக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். தேறிவிட்டான் என்று நினைத்து மாமி ஒரு நாள் குனிந்து தலையைத் தடவினாள். மணிக்கட்டைக் கவ்விவிட்டான்.

சங்கத்தார் அதற்குமேல் பொறுக்கவில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் காப்பகத்திலிருந்து வேன் வந்தது. அவனுக்கு விரித்துக்கொடுக்கச் சொல்லி, தன் பழைய நூல் புடவையை மடித்துக் கொடுத்தாள் மனைவி.

மறுநாள் பயிற்சியாளருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா வாய்க்கூடு போட்டு, வேற மாதிரி ஆரம்பிச்சிருப்பேன் அங்கிள். அவன் உங்களோடயே இருந்திருப்பான்."

திட்டியிருந்தால் தேவலை.

காப்பகத்துக்குப் போனோம். கம்பி வலைக்குள் விரலை நீட்டிய மனைவியை நக்கினான். நான் அருகில் போனதும் காதை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினான்.

"உறுமுடா," என்றேன். "என்னப் பாத்து ஒரு தடவ உறுமுடா."

அவன் சத்தம் போடவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.