அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம்

அண்ணன் கப்பல் வேலையிலிருந்து கடைசியாக ஊருக்கு வந்தபோது, அவன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே இரண்டு வயர்லெஸ் செட்டுகள் இருந்தன. கறுப்பு நிறம், செங்கல் அளவு, தலையில் ரப்பர் சுற்றிய குட்டை ஏரியல். எண்பதுகளின் நடுவில் அது. செஞ்சிக் கடைத்தெருவில் நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். அதனால் அம்மாவுக்குக் கொண்டுவந்த கம்பளியைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் செட்டுகளைக் கையில் எடுத்துவிட்டேன்.

"ஒடைக்கப் போற கப்பல்ல இருந்து எடுத்தாந்தேன். கேப்டனே எடுத்துக்கோன்னுட்டாரு," என்றான்.

அண்ணன் என்ஜின் ரூமில் எண்ணெய் ஊற்றுகிற வேலையில் இருந்தான். இந்தச் செட்டுகள் மேல்தளத்து ஆட்களுடையவை. கப்பலைக் கரையில் கட்டும்போது முன்பக்கம் நிற்பவனும் பின்பக்கம் நிற்பவனும் பேசிக்கொள்ளவும், சிறுபடகில் இறங்கிப் போகிறவர்கள் கப்பலோடு பேசவும் வைத்திருப்பார்கள் என்றான். வீட்டு ரேடியோவுக்கே போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் கட்டும் வழக்கம் அப்போதுதான் போயிருந்தது. இதை வைத்திருந்தால் போலீஸ் கேட்கும் என்று சொன்னேன். "கேட்டா குடுத்துடலாம்" என்று பெட்டியை மூடினான்.

அந்த வருஷம் ஐப்பசியிலேயே ஏரிகள் நிரம்பிவிட்டன. ஊருக்கு வெளியே சிங்கவரம் பக்கத்தில் நாங்கள் குளித்து வளர்ந்த ஏரி, மூன்று வருஷம் வெடித்துக் கிடந்தபின் கலங்கல் வரை தண்ணீர் ஏறி நின்றது. உபரித் தண்ணீர் வழிந்து ஓடுகிற அந்தக் கல்கட்டுக்குக் கீழே நாள் முழுக்க இரைச்சல். சாத்தனூர் அணைப் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடும் ஒரு கூட்டாளியோடும் வந்து, ஏரிக்கரையில் குடிசை போட்டுக்கொண்டு பரிசலில் போய் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஊரில் எல்லோரும் பரிசல்காரர் என்றே சொன்னார்கள்.

அவருடைய கூட்டாளி ஒரு நாள் காலையில் தனியாக வலை எடுக்கப் போய்த் திரும்பவில்லை. வலையில் கால் சிக்கிக்கொண்டது. கரையில் பரிசல்காரரின் மனைவி துணி துவைத்துக்கொண்டுதான் இருந்தார். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் அந்த ஆள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டியதைப் பார்த்து, மீன் நிறைய விழுந்திருக்கிறது என்று அவரும் கையை ஆட்டியிருக்கிறார். இதைச் சொல்லிச் சொல்லி அந்த அம்மாள் பல நாள் அழுதார்.

அண்ணன் அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்தான்.

அடுத்த கப்பலுக்குக் கடிதம் வரும் வரை அவனுக்கு வேலையில்லை. பரிசல்காரரோடு அவனே கூட்டாளியாகப் போக ஆரம்பித்தான். ஒரு செட் பரிசலில், இன்னொன்று கரையில் அந்த அம்மாளிடம். அவருக்கு அவன் சொல்லிக்கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"தோ, பக்கத்துல பட்டன் மாதிரி இருக்குதே கட்டை, இத அழுத்துனா பேசலாம். வுட்டாத்தான் கேக்கும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச முடியாது. நான் அழுத்திக்கினே இருந்தா நீ இன்னா கத்துனாலும் எனக்கு வராது. பேசி முடிச்சதும் 'சரி'ன்னு சொல்லிட்டு வுட்டுடணும்."

செட்டில் சேனல் நம்பரை எப்போதும் பதினாறில் வைக்கச் சொன்னான். கடலில் பதினாறில் கூப்பிட்டால் எங்கிருந்தாவது ஒரு கப்பல் பதில் சொல்லுமாம். "இங்க நம்மள வுட்டா யாரும் இல்ல. அதனால கரையில இருக்கிறவங்க செட்ட கீழ வெச்சிட்டுப் போகக்கூடாது" என்றான்.

தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வதை நான் ஏற்றுக்கொண்டேன். உரம் வருகிற கெட்டி பிளாஸ்டிக் பையை வெட்டி உறை செய்து, செட்டை அதில் போட்டு, சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மேலும் கீழும் இறுக்கி மாட்டினேன். உறைக்கு மேலேயே கட்டையை அழுத்த முடிந்தது. கழுத்தில் மாட்ட நைலான் கயிறும் போட்டேன். பக்கெட்டுத் தண்ணீரில் முக்கி எடுத்து அண்ணனிடம் காட்டினேன். சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

மூன்று வாரம் எல்லாம் சரியாக நடந்தது. மீன் வாங்கச் சைக்கிள்காரர்கள் வந்தால் கரையிலிருந்தே செட்டில் சொல்லிவிடுவார்கள். மழை இருட்டினால் அந்த அம்மாள் கூப்பிடுவார், இருவரும் திரும்பிவிடுவார்கள். அண்ணி ஒரு தடவை சோறு கொண்டு போனபோது செட்டில் பேசினாராம். வீட்டுக்கு வந்து, ஏரிக்கு நடுவிலிருந்து அவன் குரல் காதுக்குள்ளேயே கேட்டது என்று சிரித்தார்.

அந்த நாள் பரிசல்காரரின் மனைவிக்குக் காய்ச்சல். காலையிலிருந்து கரண்ட் இல்லாததால் எனக்கும் கடையில் வேலை இல்லை. மதியம் மூன்று மணிக்கு நான் ஏரிக்கரையில் செட்டோடு உட்கார்ந்தேன். அண்ணனும் பரிசல்காரரும் அக்கரையோரம் வலையெடுத்துக்கொண்டிருந்தார்கள். ராஜகிரி மலை உச்சி தெளிவாகத் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். மழை எனக்குப் பின்னால், திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் காற்று வந்துவிட்டது.

செட்டில் கூப்பிட்டேன். "அண்ணே, மழை வருது, கெளம்புங்க. சரி."

"பார்த்துட்டோம். வரோம். சரி," என்றான். அவன் குரலை நான் பதில் சொல்ல முடிந்த நிலையில் கேட்டது அதுதான் கடைசி.

சற்று நேரத்தில் மழைத்திரைக்குள் பரிசல் மறைந்துவிட்டது. பிறகு செட் உயிர் பெற்றது. முதலில் காற்றின் இரைச்சல், பிறகு அவன்.

"தம்பி, கலங்கல் பக்கம் இழுக்குது. துடுப்பு ஒண்ணு போச்சு. ஆளுங்களக் கூப்டு. கலங்கலாண்ட ஆளுங்களக் கூப்டு. சரி."

அவன் சரி என்று சொன்னான். ஆனால் செட்டில் இரைச்சல் நிற்கவில்லை. மழை பிளாஸ்டிக் உறையில் விழும் சத்தமும் பரிசல்காரர் ஏதோ கத்துவதும் கேட்டுக்கொண்டே இருந்தன. கட்டையை அவன் விடவில்லை என்று புரிந்தது. நான் என் செட்டை அழுத்தி "கேக்குது, கேக்குது" என்றேன். பயனில்லை என்று தெரிந்தே சொன்னேன்.

கலங்கல் நான் இருந்த இடத்திலிருந்து அரை மைல். துள்ளி விழும் மீனைப் பிடிக்க அங்கே எப்போதும் நாலைந்து பேர் நிற்பார்கள். செட்டைக் காதோடு பிடித்துக்கொண்டு கரைமேல் ஓடினேன். களிமண் வழுக்கி இரண்டு முறை விழுந்தேன். ஓடும்போது செட்டில் அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

"கேக்குதாடா? கேக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லு."

கொஞ்சம் கழித்து, "இன்னாடா பண்ற, செட்ட வெச்சிட்டு எங்க போன?"

பிறகு என்னிடம் இல்லை, பக்கத்தில் இருந்தவரிடம் பேசினான். "அவன் அங்க இல்ல. யாரும் வரமாட்டாங்க. நான் நீஞ்சிப் போய் ஆளக் கூட்டியாரேன்."

"வேணாம் தம்பி, பரிசல வுட்டுட்டுப் போவாத," என்று பரிசல்காரர் சொன்னதும் தெளிவாகக் கேட்டது.

அதன்பின் தண்ணீர்ச் சத்தம். அவன் மூச்சு வாங்குவது. வார்த்தை எதுவும் இல்லை. பிறகு எல்லாச் சத்தமும் நின்று செட் அமைதியானது. இப்போது நான் பேசலாம். ஓட்டத்தை நிறுத்தாமல் பேசினேன். "வந்துட்டேண்ணே, ஆளுங்களோட வரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கலங்கலில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களிடம் நீளக் கயிறும் காற்றடித்த லாரி டியூபும் இருந்தன. பரிசல் கலங்கலுக்கு வரவில்லை. அதற்கு நூறு அடி முன்னால், தண்ணீரில் பாதி முழுகி நின்ற கருவேல மரங்களில் மாட்டிக்கொண்டிருந்தது. பரிசல்காரர் ஒரு கையால் கிளையையும் ஒரு கையால் பரிசல் விளிம்பையும் பிடித்திருந்தார். அரை மணி நேரத்தில் அவரை இழுத்துக் கரை சேர்த்துவிட்டோம். முள் கிழித்த ரத்தத்தைத் தவிர அவருக்கு ஒன்றுமில்லை. மூச்சு வந்ததும், "அவரு ஆள் கூட்டியார நீஞ்சிப் போனாரு, வரலியா?" என்று என்னைக் கேட்டார்.

மறுநாள் காலையில் மதகுக்குப் பக்கத்தில் அண்ணன் கிடைத்தான்.

கழுத்தில் கயிறும் செட்டும் அப்படியே இருந்தன. கயிறு ஈரத்தில் இறுகி அவிழ்க்க வரவில்லை. போலீஸார் வருவதற்குள் நான்தான் பிளேடால் அறுத்து எடுத்தேன். அப்போது பார்த்தேன். மேலே மாட்டியிருந்த டியூப் வளையம் கீழே நழுவி, பேசும் கட்டையின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அவன் விரலை எடுத்த பிறகும் வளையம் அதை அழுத்தியபடியே இருந்திருக்கிறது. அவன் 'சரி' சொல்லிவிட்டு முறையாகத்தான் விட்டிருக்கிறான். விட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறான்.

பக்கெட்டில் முக்கிப் பார்த்த எனக்கு, மழையில் நனைந்த கை அந்த வளையத்தை நகர்த்தும் என்று தோன்றவில்லை. ரிப்பேர்தான் என் தொழில்.

சப்-இன்ஸ்பெக்டர் செட்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். "இது இன்னா, எங்கேர்ந்து வந்துது?" என்றார். சொன்னேன். இரண்டு செட்டையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு முறை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். டியூப் வளையத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காரியத்துக்குப் பரிசல்காரர் வந்திருந்தார். கைகளில் முள் கீறல்கள் கறுத்திருந்தன. எல்லோரும் சாப்பிடும்போது என்னைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, அந்த மாதிரி செட் வேற எங்கனா கெடைக்குமா?"

எதற்கு என்று கேட்டேன்.

"நீ அதுல கேட்டு ஆளக் கூட்டியாரலன்னா நானும் போயிருப்பேன். என் பொண்டாட்டி அது இல்லாம ஏரியில எறங்காதன்றா. அதான் கேட்டேன்."

கிடைக்காது என்றேன். தலையை ஆட்டிவிட்டு இலைக்குத் திரும்பினார். தை மாதம் குடிசையைப் பிரித்துக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள்.

அண்ணியிடம் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை தோன்றியது. அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை. அண்ணி கேட்டார், அதனால் சொன்னேன். துணிகளை மடித்து அவனுடைய பெட்டியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நீ அங்க இருந்தது அவருக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்டார். தெரியாது என்று தொடங்கி, டியூப் வளையம் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும், "சரி, நீ போ தம்பி" என்றார். அடுத்த வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வல்லத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போனார். அவர் திரும்பி வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை.

கடையை நான் மூடவில்லை. வேறு தொழில் தெரியாது. ஆனால் வேலை பார்க்கும்போது ஒரு ரேடியோவிலிருந்து வெறும் இரைச்சல் மட்டும் வந்தால் உடனே அணைத்துவிடுவேன். வாடிக்கையாளர் எதிரில் நின்றாலும் அணைத்துவிடுவேன். ஏரிக்கரை வழியாகச் சிங்கவரம் போவதை விட்டுவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அண்ணியைப் பார்த்தேன். பிள்ளைக்குப் பள்ளிச்சட்டை எடுக்க வந்திருந்தார். அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். பிறகு வல்லம் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவரு பேசுனது எவ்ளோ நேரம் கேட்டுது?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும் அண்ணி."

"அஞ்சு நிமிஷம், யாரும் கேக்கலன்னே நெனச்சிருக்காரு," என்றார். பஸ் வந்தது. பிள்ளையை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார்.