கறுப்பியின் இரண்டு படங்கள்

அந்த ஜப்பானியக் கார்ட்டூன் படத்தின் விளம்பரத்தை லாச்சப்பல் மெத்ரோ ரயில் நிலையத்தில் கண்டதும் என் மகள் நின்றுவிட்டாள். பறக்கும் தீவு, சிறகு முளைத்த நாகம், வாள் தூக்கிய பொடியன். ஓரத்தில், கையில் ஈட்டியோடு ஒரு கறுப்புப் பெண். சுருள் முடியைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னி உச்சியில் கட்டியிருந்தாள். என் மகளுக்கும் அதே நிறம், அதே முடி. சொந்தக்காரர் அவளைக் கறுப்பி என்பார்கள். செல்லமாகவாம்.

எல்லா நிறத்தவருக்கும் இடம் கொடுத்த படம் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. தியேட்டரில் போய்ப் பார்த்தோம். இடம் கொடுத்தார்கள்தான். கதாநாயகன் ஜப்பானியக் கிராமத்துப் பிள்ளை. அவனுக்கு நீலக் கண், வைக்கோல் நிறத் தலைமுடி. அது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. கறுப்புப் பெண் வந்தாள், அறுந்துகொண்டிருந்த தொங்குபாலத்தைத் தாங்கிப் பிடித்து அவனைக் கரையேற்றினாள், செத்தாள். நான் கச்சான் கடலைப் பையைப் பிரித்து முடிப்பதற்குள் அவள் கதை முடிந்துவிட்டது. அவனுடைய வளர்ப்பு அணில் கடைசிவரை உயிரோடிருந்து வாய் ஓயாமல் கதைத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜப்பான்காரனை வீடுவரை திட்டிக்கொண்டே வந்தேன்.

மகளுக்கு அந்தக் கொஞ்ச நேரமே போதுமாக இருந்தது. தன் சாமத்திய வீட்டுக்கு அந்தப் பெண்ணைப் போலவே தலை பின்ன வேண்டும், முகத்துக்கு வெள்ளை பூசக்கூடாது என்றாள். பெண் பிள்ளை பெரியவளானால் மண்டபம் எடுத்து, ஊரைக் கூட்டி, வாசலில் அவளுடைய ஆளுயரப் படத்தை நிறுத்துவது எங்கள் ஆட்களின் வழக்கம். தன்னை எல்லாரும் பார்த்துச் சிரிப்பார்கள், வேண்டவே வேண்டாம் என்று அதுவரை அழுதவள் அவள். இப்போது தன் முகத்தோடு வந்து நிற்கிறேன் என்கிறாள். உடனே சரி என்றேன்.

லாச்சப்பலில் எங்கள் ஆள் ஒருவர் படம் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் எடுத்த பிள்ளைகள் வரிசையாகச் சிரிக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே பால்மாத் தகரப் பேணிக்குள் விழுந்து எழும்பியவர்கள் போல. மகளைப் படம் எடுத்து முடிந்ததும் அவரிடம் தெளிவாகவே சொன்னேன்.

“அண்ணை, படத்திலை முகத்தை வெள்ளையாக்க வேண்டாம். பிள்ளை இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.”

“ஓம் ஓம் தங்கச்சி. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

அவரும் யோசிக்கவில்லை என்பது விழா நாளில், லா கூர்னெவ் மண்டபத்து வாசலில் தெரிந்தது. ஆளுயரப் படப் பலகையில் யாரோ வீட்டுப் பிள்ளை நின்றது. பின்னல் மட்டும் என் மகளுடையது. முகம் சுண்ணாம்பு அடித்த சுவர். மூக்கையும் சற்று மெலிய வைத்திருந்தார், கேட்காமலே. கமராவோடு உள்ளே போனவரை மறித்தேன்.

“வேண்டாமெண்டு சொன்னனான்தானே?”

“எல்லாத் தாய்மாரும் அப்பிடித்தானே தங்கச்சி சொல்லுறவை. வாயாலை கேக்க வெக்கப்படுவினம். நாங்கள்தான் விளங்கிச் செய்யோணும்.”

போதும் போதும் என்று கையால் மறித்தாலும் இலையில் இன்னொரு கரண்டி சோறு போடுகிற ஆட்கள் நாங்கள். நான் சொன்ன ‘வேண்டாம்’ என்பதையும் அவர் அந்த உபசாரத்தில் சேர்த்துவிட்டார். கோபப்பட்ட என்னைத்தான் அவர் விசித்திரமாகப் பார்த்தார்.

அதற்குள் பொண்டி புறநகரிலிருந்து மச்சாள் வந்துவிட்டாள். படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் கை வைத்தாள். “எங்கடை கறுப்பியோ இது! என்ன வடிவாயிருக்கிறாள்!” கறுப்பி சேலையும் நகையுமாகப் பக்கத்திலேயே நின்றாள். மச்சாள் அவள் பக்கம் திரும்பவில்லை. கைத்தொலைபேசியை எடுத்துப் பலகையோடு சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப்பிடித்துச் சமாளித்திருப்பேன். எனக்கு மட்டும் கேட்கும்படி பிரெஞ்சில் சொன்னாள்: “அந்தக் கார்ட்டூன் படத்தில் அவளைச் சாகும்வரையாவது கறுப்பாக இருக்க விட்டார்கள், அம்மா.”

வந்தவர்கள் பார்க்கப் பார்க்கப் பலகையைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. முன்பக்கத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.