மரவள்ளிக் கொழுந்துக்குப் போன இடத்தில்

கோயிலுக்காக ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு, கடைவீதிக்காகச் சுற்றுகிறவர்கள் உண்டு. நான் குழம்புக்காகச் சுற்றுகிறவள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பழக்கம் நன்றாக முற்றிவிட்டது. "நாக்குக்குப் பாஸ்போர்ட் எடுத்தவள்" என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவர் வீட்டுத் தயிர்சாதத்தோடு சமாதானமாகிவிட்ட மனிதர். விமான நிலையம் வரை வருவார், அதற்கு மேல் வரமாட்டார்.

மலேசியாவில் சிரம்பானுக்கு வந்த மூன்றாம் நாளே எனக்கு அலுத்துவிட்டது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் கிடைத்ததெல்லாம் மதுரையில் என் தெருமுனையில் கிடைப்பதுதான், எண்ணெய் மட்டும் கொஞ்சம் கூடுதல். சி ரூசா கடற்கரைக்குச் சுட்ட மீன் சாப்பிட அழைத்துப்போன டாக்சிக்காரரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். தோட்டத்துச் சாப்பாடு டவுன் கடைகளில் கிடைக்காது என்றார். தம்பினுக்குப் போகிற வழியில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் முகப்பில் ஓர் அம்மா மதியம் மட்டும் கடை போடுகிறார், மரவள்ளிக் கொழுந்தை நெத்திலியும் காட்டு மிளகாயும் போட்டுத் தேங்காய்ப்பாலில் காய்ச்சுவார், அதைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்றார். மலாய்க்காரர்களின் சமையல்தான். தோட்டத்துப் பெண்கள் அதில் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுத் தங்களுடையதாக்கிக் கொண்டார்களாம். மரவள்ளிக் கிழங்கை நான் தின்றிருக்கிறேன். அதன் இலையை ஆடு தின்றுதான் பார்த்திருக்கிறேன். நாளைக்கே போகலாம் என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் காரில் ஏறினேன். போய்ச் சேர்ந்தால் கடையின் படுதா சுருட்டிக் கட்டியிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வேப்பிலைத் தோரணம். உள்ளே எங்கேயோ ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் வந்தாள். கடை அவளுடைய அண்ணன் மனைவியுடையது. அண்ணியைச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றாள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை தீமிதி, அதுவரை எந்த வீட்டிலும் நெத்திலியின் வாடைகூட வராது என்றும் சொன்னாள்.

ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதைவிட நெத்திலி இல்லை என்பதுதான் முதலில் எனக்கு உறைத்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பசியாறிட்டுத்தான் போகணும் அக்கா, சும்மா அனுப்ப மாட்டோம் லா" என்று கோயில் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். சோறு, சாம்பார், முட்டைக்கோஸ். கடல் கடந்து வந்து முட்டைக்கோஸ் சாப்பிட்டேன்.

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த ஒருவரை அவள் தன் அண்ணன் என்று காட்டினாள். செம்பனைக் குலை ஏற்றுகிற லாரியின் ஓட்டுநர். ஐம்பதைத் தாண்டியவர், தாடி வளர்ந்திருந்தது. மஞ்சள் வேட்டி, செருப்பில்லாத கால், வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு கோத்துக் கட்டிய காப்பு. பந்தி முடிந்ததும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நான் சிரம்பானுக்குத் திரும்புகிறவள் என்று தங்கை சொல்லியிருந்தாள்.

மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. திருவிழா முடிந்து அடுத்த வாரம் அறுவை செய்யலாம் என்றுதான் டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவள் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று இவர் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு காப்புக் கட்டினார். கட்டிய இரண்டாம் நாள் அவளுக்கு ரத்தப்போக்கு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இனியும் தள்ளிப்போட முடியாது, வெள்ளிக்கிழமை காலையிலேயே அறுவை என்று முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை என்றால் நாளைக்கு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்குச் சனிக்கிழமைதான் விடுப்பு. காப்புக் கட்டியவர் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. சாவும் பிரசவமும் நடக்கிற ஆஸ்பத்திரிக்குள் காலை வைக்கவே கூடாது. தங்கை மட்டும் போய் வந்துகொண்டிருந்தாள். அவளும் நேற்றுக் காப்புக் கட்டிவிட்டாள், அண்ணிக்காகத்தான்.

எனக்குக் கோபம் வந்தது. அறுவைக்குப் போகிறவள் அங்கே தனியாகக் கிடக்க, இங்கே இரண்டு பேர் அவளுக்காகக் கையில் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று. தினம் போனில் பேசுகிறேன் என்று அவர் சொன்னதும், போனில் தீட்டு ஒட்டாதா என்று கேட்டுவிட்டேன். வாய் என்னுடையது, என்ன செய்ய. அவர் கோபப்படவில்லை. காப்பைத் தொட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"எனக்காகக் கட்டிருந்தா இந்நேரம் அவுத்துப் போட்டுட்டு ஓடியிருப்பேம்மா. இது அவளுக்காகக் கட்டுனது. நான் எல்லையத் தாண்டுனா யாருக்கு ஆகாதுன்னு சொல்லுங்க."

அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அன்பே அவரை அங்கே கட்டிப்போட்டிருந்தது.

தங்கை மரவள்ளிக் கொழுந்து பறித்து, நெத்திலி இல்லாமல், மிளகாய் கிள்ளிப்போட்டுக் கொஞ்சம் காய்ச்சித் தூக்குச்சட்டியில் கொடுத்தாள். அண்ணி ஆசைப்பட்டுக் கேட்டாளாம். தன் போன் எண்ணையும் கொடுத்தாள். அவர் ஓர் எலுமிச்சம்பழமும் தாளில் மடித்த திருநீறும் தந்தார். விரதத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவளிடம் சொல்லச் சொன்னார். தோட்டத்து எல்லையில் முனியாண்டி கல் இருக்கிறது. அதுவரை காரோடு நடந்து வந்து அங்கே நின்றுவிட்டார்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். முகம் வெளுத்திருந்தாலும் கண்ணில் குறும்பு இருந்தது. யாரோ முன்பின் தெரியாதவள் தூக்குச்சட்டியோடு வந்து நிற்கிறாளே என்று மிரளவில்லை. நாத்தனார் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நர்ஸிடம் கேட்டுக்கொண்டு இரண்டு கரண்டி வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டதுமே, கொழுந்தை இன்னும் நல்லாக் கசக்கிப் பிழிஞ்சிருக்கணும், அவளுக்கு எப்பவும் அவசரம் என்றாள். மிச்சத்தை என்னைச் சாப்பிடச் சொன்னாள். இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க என்று கேலி வேறு. கட்டிலோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். இலைக்கசப்பை ஒட்டியே தேங்காய்ப்பாலின் இனிப்பு, அதற்குப் பின்னால் மெதுவாக ஏறுகிற காரம். என் தட்டு காலியாகும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருநீற்றை நெற்றியில் இட்டுக்கொண்டாள். எலுமிச்சம்பழத்தைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அவர் சாப்பிடுகிறாரா, வெறுந்தரையில் படுத்து இருமல் வந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். விரதத்தில் குறையில்லை என்று சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"தினமும் போன்ல, நீங்க விரதத்தப் பாருங்க, எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்றேன். உள்ளுக்குள்ள செத்துச் செத்துப் பொழைக்கிறேன் அக்கா. தீய அடுத்த வருசங்கூட மிதிச்சுக்கலாம். நாளைக்கு என்னையத் தள்ளிக்கிட்டுப் போறப்ப அவரு கையி வேணும் எனக்கு."

இப்போதே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று பையிலிருந்து போனை எடுத்தேன். என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"சொல்லிறாதீங்க. சொன்னா அவுத்துட்டு வந்துருவாரு. அப்புறம் எனக்கு எதாச்சும் ஆனா, தன்னாலதான்னு சாவுற வரைக்கும் நெனச்சுக்கிட்டே இருப்பாரு."

பார்வை நேரம் முடிந்துவிட்டது. சரியென்றும் சொல்லாமல், மாட்டேனென்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். தங்கியிருந்த விடுதிக்கு நடக்க நடக்க எனக்கு அவர்கள் இரண்டு பேர் மேலும் எரிச்சலாக இருந்தது. ஒருவர் மனசு இன்னொருவருக்குத் தெரியாமல் இருவரும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்தி, நேற்றுவரை அவர்களுக்கு யாரோ. சொல்லாமல் இருந்து நாளைக்கு அவள் எழுந்திருக்காவிட்டால்? சொல்லி, அவர் வந்து, அப்போதும் எழுந்திருக்காவிட்டால்? விடுதி வாசலிலேயே நின்று தங்கையின் எண்ணுக்குப் போன் செய்தேன். அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் மனைவி சொன்னதை, அவர் கை வேண்டும் என்றதை, அப்படியே சொன்னேன்.

"அவளே சொன்னாளா?" என்றார்.

ஆமாம் என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டார்.

காலையில் நான் போனபோது அவர் வார்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அதே மஞ்சள் வேட்டி, மேலே யாருடைய சட்டையோ. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். காப்பை அவிழ்க்கப் பூசாரி மறுத்துவிட்டாராம். தீமிதிக்கு முன்னால் நான் கை வைக்க மாட்டேன் என்று கோயிலை விட்டே போய்விட்டாராம். இவரே பல்லால் முடிச்சை அவிழ்த்துச் சூலத்தில் கட்டிவிட்டு வந்திருக்கிறார். கூடக் காப்புக் கட்டியிருந்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். தங்கைகூடப் பேசவில்லையாம்.

உள்ளே விட்டார்கள். நானும் பின்னால் போனேன். அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தாள். அங்கே கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் தடம் மட்டும் இருந்தது. அவள் முகத்தில் வந்த பயத்தை என்னால் தாங்க முடியவில்லை. யார் அவிழ்க்கச் சொன்னது என்று கேட்டாள். நானாத்தான் வந்தேன் என்றார் அவர். எனக்காகச் சொன்ன பொய். அவள் அதை நம்பவில்லை, என்னை ஒரு தடவை பார்த்தாள். ஆனால் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுவிட்டாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அவரும் பிடித்த பிடியோடு கூடவே நடந்தார். அறுவை அறையின் கதவுக்கு முன்னால் நர்ஸ்தான் விரல்களைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். அவர் உட்காரவே இல்லை. தப்புப் பண்ணிட்டேனாம்மா என்று ஒரு தடவை கேட்டார். இல்லை என்றேன். அந்தச் சொல் எனக்கே பலவீனமாகக் கேட்டது. ராகுகாலம், எமகண்டம் எதையும் பார்க்காதவள் நான். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டுப் போகிறவள். அன்று அந்த நடையில் உட்கார்ந்து, முன்பின் பார்க்காத ஒரு தோட்டத்து அம்மனிடம், அவிழ்க்க வைத்தது நான்தான், அவளை ஒன்றும் செய்துவிடாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவள் பிழைத்துவிட்டாள். டாக்டர் வந்து, கட்டியை எடுத்துவிட்டோம், ரத்தமும் நின்றுவிட்டது என்று சொன்னபோது அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வெளியே போய் ஒரு கடையில் தேநீர் வாங்கி, குடிக்காமலே ஆறவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு விமானம். பகலில் சொல்லிக்கொள்ளப் போனேன். மகன் வந்திருந்தான், என்னைப் பார்த்ததும் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு வெளியே போனான். அவரைக் காணோம். தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்றாள். எல்லோரும் பூக்குழி இறங்குகிறபோது தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. எனக்கு ஒரு நன்றி வரும் என்று மனசுக்குள் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், அதில் என்ன வெட்கம்.

அவர் கை இருந்ததால்தான் பயப்படாமல் உள்ளே போனேன் என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நான் பொழச்சுட்டேன் அக்கா. ஆத்தா என்னைய விட்டுட்டா. அவுத்தவர விடுவாளான்னு தெரியலையே. நேத்துலேருந்து அவரு இருமுனாக்கூட எனக்கு ஈரக்கொல நடுங்குது. இந்த மனுசன் இனிமே தினமும் லாரில ஏறணும்."

ஒன்றும் ஆகாது, அதெல்லாம் மனப்பிரமை என்று ஆரம்பித்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் அந்த நடையில் நான் கெஞ்சியது ஞாபகம் வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"அடுத்த வருசம் அவருக்காக நான் காப்புக் கட்டப்போறேன்" என்றாள். "கட்டியிருக்கிற அந்தப் பத்து நாள்ல அவருக்கு எதாச்சும் ஒண்ணுன்னு உங்களுக்குத் தெரிய வந்தாலும், என் கையி வேணும்னு அவரே கேட்டாலும், எனக்குப் போன் போட்டுச் சொல்லிறாதீங்க."

சத்தியம் செய்யச் சொல்லிக் கையை நீட்டினாள். செய்தேன்.