ஃபென்யாவின் பதினேழு பவுண்டு

ஃபென்யா ஸ்ட்ரெலியாஃபைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கனடாவின் இந்த ஸ்லோகன் பள்ளத்தாக்கில் கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மத்தியானம், மலைச்சரிவில் இருந்த பனி மொத்தமாகப் பெயர்ந்து வந்து என்னை மூடிவிட்டது. நாலடி ஆழத்தில் கிடந்த என்னைப் பதினொரு நிமிஷத்தில் தோண்டி எடுத்தவள் அவள்தான். முகம் வெளியே வந்ததும் நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேனாம்.

"வாய மூடுடா வெர்ன், பனி உள்ள போவுது" என்றாளாம்.

எனக்கு அது நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பாள், சந்தேகமே வேண்டாம்.

ஆள் ஐந்தடி கூட இல்லை. அப்பா மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர். பன்னிரண்டு வயதில் அவருடைய மரம் அறுக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுத் திரும்ப மாட்டினாள். ஒரு திருகு மிச்சமாகிவிட்டது. இயந்திரம் முன்பைவிட நன்றாக ஓடியது என்று இன்றுவரை சாதிக்கிறாள். இருபத்தாறு வயதில் கல்யாணம். புருஷன் பீட், பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். யாராவது அனுதாபப்பட்டால், "ஸ்பேனர் செட்ட விட்டுட்டுத்தான போனான்? நல்ல செட்டு அது" என்பாள். அந்தச் செட்டை வைத்துத்தான் பட்டறை போட்டாள். கோடையில் புல்வெட்டிகள் வரும், குளிர்காலத்தில் பனிமேல் ஓடும் மோட்டார் பனிவண்டிகள்.

எங்கள் மலை மீட்புக் குழுவில் அவளுக்கு இது இருபத்திரண்டாவது வருஷம். போன வசந்தத்தில் வலது தோளில் அறுவை சிகிச்சை ஆனது. கை தலைக்கு மேலே போகவில்லை. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

பனிவண்டி என்பது ஓட்டுகிற நேரத்துக்குச் சமமாகத் தூக்குகிற நேரமும் பிடிக்கிற சாமான். புதுப்பனியில் புதைந்தால் ஐந்நூறு பவுண்டு எடையைத் தனியாளாக இழுத்துப் புரட்டி வெளியே கொண்டுவர வேண்டும். அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் கடைசியில், வண்டியைக் கால்பலகை மூழ்கும்வரை புதைப்போம். பதினைந்து நிமிஷத்துக்குள் தனியாக மீட்டால் மலைக்குப் போகலாம். முடியாவிட்டால் அந்தக் குளிர்காலம் முழுக்க ரேடியோ முன்னால் உட்கார வேண்டும். யாருக்கும் சலுகை கிடையாது. அந்த விதியை எழுதியவளே ஃபென்யாதான்.

"தோள இனிமே பலமாக்க முடியாது. வண்டிய இளைக்க வெச்சுடலாம்" என்றாள்.

ஆகஸ்டிலேயே சாமான்களுக்கு எழுதிப் போட்டாள். எஞ்சினின் விசையைக் கீழே இறக்குகிற எண்ணெய்ப் பெட்டியையும் இரும்புச் சங்கிலியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பல் பெல்ட். அதோடு லேசான ஷாஃப்ட், துளை போட்ட பிரேக் டிஸ்க். எல்லாம் சேர்ந்து பதினேழு பவுண்டு குறையும். கிண்டல் செய்யாத ஆள் இல்லை. லாரி ஓட்டுகிற ஓரெஸ்ட் தன் வயிற்றைத் தட்டிக் காட்டி, "ரெண்டு வாரம் போர்ஷ் சூப்புல கிரீம் ஊத்தாம குடிச்சா எனக்கு இங்கயே பதினேழு குறைஞ்சிடும்" என்றான்.

"உன் வயிறு சுத்தாம சும்மாதான இருக்கு? இது சுத்துற எடைடா. சுத்துறதுல ஒரு பவுண்டு குறைஞ்சா, சும்மா இருக்கறதுல அஞ்சு குறைஞ்ச மாதிரி" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அக்டோபர் கடைசியில் கடிதம் வந்தது. சாமான் கிறிஸ்துமஸ் கழிந்துதான் கிடைக்குமாம். அன்று பட்டறைக்குப் போனேன். கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டு யாருடைய கார்புரேட்டரையோ துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. அவள் அப்படி வெட்டி வேலை செய்து நான் பார்த்ததில்லை.

என் வண்டியும் அவளுடையதும் ஒரே ரகம், ஒரே வருஷம். இரண்டு வருஷம் முன்பு என் வண்டிக்கு அதே பெல்ட்டை மாட்டிக் கொடுத்தவளும் அவள்தான். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டாள். அதனால் மறுநாள் வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஒரு பொய் சொன்னேன்.

"ஃபென்யா, இந்த பெல்ட்டு கத்துது. காது போவுது. கழட்டிட்டு எனக்குப் பழைய மாதிரி சங்கிலியே மாட்டிக் கொடு."

"கத்துதா?" ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "நான் மாட்டுன பெல்ட்டு?"

அப்போதுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. உதவி செய்யப் போய் அவள் வேலையைக் குறை சொல்லிவிட்டேன். அவள் என் வண்டியில் ஏறி, ஆற்றங்கரைவரை போய்த் திரும்பி வந்தாள்.

"எலி மூச்சு விடற சத்தம்கூட இல்ல."

"எனக்குக் கேக்குதே."

அந்த நேரம் பார்த்து ஓரெஸ்ட் வந்து சேர்ந்தான். அவன் வண்டியும் அதே ரகம்தான்; லேசான ஷாஃப்டும் டிஸ்க்கும் அதில் ஏற்கெனவே இருந்தன. கையில் கழற்றிய ஷாஃப்ட், அக்குளில் பிரேக் டிஸ்க். "இந்த லேசு சாமானெல்லாம் என் உடம்ப எங்க தாங்குது? உன் இரும்பக் குடு ஃபென்யா" என்றான். அவன் முகம் தக்காளிபோலச் சிவந்திருந்தது. பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓடிப்போன புருஷனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாதவள், அழுக்குத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒருத்தனுக்குக் காது கோளாறு, ஒருத்தனுக்கு வயிறு. சரி, நிக்காதீங்க. வெர்ன், அந்த எண்ணெய வடி."

நாலு நாள் வேலை. அவளுடைய கண், என்னுடைய கை. பற்சக்கரம் இரண்டும் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்ப்பாள்; ஒரு நூல் விலகியிருந்தாலும் முதலிலிருந்து ஆரம்பம். கடைசியில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கழற்றிய அவளுடைய இரும்பெல்லாம் எங்கள் வண்டிகளுக்குள் போனது.

சோதனை நாள் நல்ல வெயில். அவள் வண்டியைப் புதைத்தோம். கடிகாரம் என் கையில். பொய்யாக ஒரு நிமிஷம் குறைத்துச் சொல்லலாமா என்ற நினைப்பு வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

இடது கையால்தான் பெரும்பாலும் தோண்டினாள். முன்னால் பனியை மிதித்து இறுக்கினாள், வாரைத் தன் இடுப்பில் கட்டி வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தாள். பத்தாவது நிமிஷம் கைப்பிடியில் இருந்த வேக விசையை அழுத்தினாள், பழைய கனத்த வண்டிக்கு அழுத்துகிற மாதிரி. லேசான பாகங்கள் நொடியில் வேகம் பிடித்தன. வண்டிக்கு அடியில் ஓடுகிற ரப்பர் பட்டை விர்ரென்று சுழன்று தனக்கே குழி பறித்து ஒரு முழம் இறங்கிவிட்டது. ஓரெஸ்ட் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவள் எஞ்சினை அணைத்தாள். மறுபடி தோண்டினாள், மறுபடி மிதித்தாள். இரண்டாம் முறை, தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல விரலை வைத்தாள். வண்டி முனகிக்கொண்டே ஏறி வெளியே வந்தது. பதினாலு நிமிஷம் நாற்பது விநாடி. எல்லோரும் கத்தினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே கத்தினேன்.

அடுத்தது என் முறை. கடிகாரம் அவள் கைக்குப் போனது. சங்கிலிப் பெட்டி மேல் பழி போட ஆசைதான். ஆனால் உண்மையில் என்னைக் கவிழ்த்தது ஐம்பத்து நாலு வயதும் கோடை முழுக்கக் குடித்த பீரும்தான். வண்டி வெளியே வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"பதினஞ்சு நிமிஷம் இருபது விநாடி."

"இருபது விநாடிதான? விட்டுடு ஃபென்யா! அவன் சாமான்தான் உன் வண்டியில ஓடுது!" என்று ஓரெஸ்ட் கத்தினான்.

"தெரியும்டா, எனக்குத் தெரியாதா?" என்றாள். "வெர்ன், நாளைக்கே கழட்டி உனக்கே திருப்பி மாட்டிடறேன். அடுத்த வாரம் இன்னொரு தரம் பாரு."

ஒரு நிமிஷம் எனக்குக் கோபம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். பிறகு யோசித்தேன். எங்கள் இருவரில் யாராவது ஒருவர்தான் மேலே போக முடியும் என்றால், யார் போக வேண்டும்? அவள் தோண்டி எடுத்ததால் மண்ணுக்குள் போகாமல் இருக்கிறவன் நான். அதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியாதா?

"வேணாம், அப்படியே இருக்கட்டும். ரேடியோ அறையில ஹீட்டர் இருக்கு" என்றேன்.

ஜனவரி பத்தொன்பது. வடக்கு முகட்டில் பனிச்சரிவு, ஒரு ஆள் உள்ளே. குழு ஏறியது. நான் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெறும் இரைச்சல். மேசையில் காப்பி ஆறிப்போனது. உள்ளே கிடக்கிறவனுக்கு நேரம் எப்படிப் போகும் என்பது எனக்குத் தெரியும். வெளியே காத்திருப்பவனுக்கு எப்படிப் போகும் என்பது அன்றுதான் தெரிந்தது. கடைசியில் அவள் குரல் வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு.

"வெர்ன், ஆள் கெடச்சாச்சு. சின்னப் பொண்ணு. மூச்சு இருக்கு."

பதில் சொல்ல பட்டனை அழுத்தினேன்.

"வெர்ன்? கேக்குதா?"

"கேக்குது ஃபென்யா," என்றேன். "நல்லாக் கேக்குது."